ஏழாவது குருவி

மணி இரண்டு பத்து. மூன்று மணிக்குக் கேம்ப் பஸ் கிளம்பும். அதே மூன்று மணிக்குப் போலீசுக்குப் போன் போடப்போவதாக ஓவியக்கூடத்து நிர்வாகி சொல்லிவிட்டார். நடுவில் இருக்கிற ஐம்பது நிமிஷம்தான் ஒன்பது வயதுப் பெண் ஒருத்திக்கு மிச்சம். அதற்குள் உண்மை வெளியே வராவிட்டால், அரிய ஓவியத்தை அழித்தவள் என்று அவள் பெயர் ஒரு காகிதத்தில் ஏறிவிடும். பிறகு அவள் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனாலும், அவளுக்கு முன்னால் அந்தக் காகிதம் போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஓவியக்கூடத்தின் படிக்கட்டில் இரண்டிரண்டு படியாகத் தாவிக்கொண்டிருந்தார் பறக்கும்படையம்மா. படிக்கொரு பெருமூச்சு விட்டுக்கொண்டு பின்னால் வந்தார் பைண்டர்.

"மெதுவாப் போங்க சம்பந்திம்மா. படம் சுவத்துலதானே தொங்குது, ஓடியா போயிடும்?"

"நீங்க கீழயே உக்காந்திருக்கலாம் சம்பந்தி."

"உக்காந்திருக்கலாம். இன்னிக்கு என்ன துப்புத் துலக்கினீங்கன்னு வீட்ல கேப்பாளே. பெஞ்சைத் தேய்ச்சேன்னு சொல்லவா?"

பறக்கும்படையம்மா முப்பது வருஷம் பரீட்சை ஹால்களில் முன்னறிவிப்பு இல்லாமல் நுழைந்து, காப்பியடித்தவர்களைக் கையும் களவுமாகப் பிடித்தவர். ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்கவில்லை, துப்பறியும் ஆபீஸ் திறந்துவிட்டார். பைண்டர் நாற்பது வருஷம் அச்சகத்தில் பைண்டிங் பகுதியைக் கட்டி மேய்த்தவர். அவர் மகனுக்குத்தான் இந்த அம்மாள் தன் மகளைக் கொடுத்திருக்கிறார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுவாரமே பைண்டர் சமையலறையில் நின்று வெங்காயம் நறுக்கும் அழகை விமர்சிக்க ஆரம்பிக்கவும், அவர் மனைவி கையெடுத்துக் கும்பிட்டு, "இவரை எங்கயாவது கூட்டிக்கிட்டுப் போங்க சம்பந்திம்மா, உங்களுக்குக் கோடிப் புண்ணியம்" என்று ஒப்படைத்துவிட்டார். உலகத்திலேயே திட்டவும் முடியாத, வேலையை விட்டு நிறுத்தவும் முடியாத ஒரே உதவியாளர் பெண் கொடுத்த இடத்துச் சம்பந்திதான். இது பைண்டருக்கும் நன்றாகத் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் அவர் வாய் இவ்வளவு நீளம்.

மாடியில் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள் வழிகாட்டிப் பெண். பள்ளிக்கூடங்களிலிருந்தும் கோடைக் கேம்ப்களிலிருந்தும் வரும் குழந்தைகளுக்கு ஓவியங்களைச் சுற்றிக் காட்டுவது அவள் வேலை. போன் போட்டு அழைத்தவளும் அவள்தான்.

"என்னை ஞாபகம் இருக்கா மேடம்? பத்தாம் வகுப்புப் பரீட்சைல என் பென்சில் பாக்ஸை நீங்கதான் திறந்தீங்க."

"உள்ள என்ன இருந்துச்சு?"

"ஒண்ணும் இல்ல. பரீட்சை அட்டைக்குப் பின்னாடி எழுதி வெச்சிருந்தேன். அதையும் திருப்பிப் பாத்துட்டீங்க."

"அன்னிக்குக் கோட்டை விட்டிருந்தா இன்னிக்கு நிர்வாகி நாற்காலில நீ இருந்திருப்பேம்மா," என்றார் பைண்டர். அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வரவில்லை. நடந்துகொண்டே அவள் விஷயத்தைச் சொன்னாள்.

மூன்றாம் அறையில் ஒரு சின்ன ஓவியம். மெல்லிய மரப்பலகையில் வரைந்தது, நோட்டுப் புத்தகம் அளவுதான். ஒரு மரம், கிளைகளில் ஆறு குருவிகள், கீழே வலது மூலையில் மண்ணைக் கொத்தும் ஏழாவது குருவி. காலை பத்து மணிக்கு ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து நாற்பது பிள்ளைகள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பதினொன்றரைக்குக் கேம்ப் பிள்ளைகள் முப்பத்தொரு பேர் வந்தார்கள். ஜோடி ஜோடியாகத்தான் உள்ளே விடுவது. பதினைந்து ஜோடி போக மிஞ்சிய ஒரு பெண் கடைசியில் கேம்ப் மாஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். படத்துக்கு முன்னால் தரையில் மஞ்சள் கோடு உண்டு, தாண்டினால் மணி அடிக்கும். அவள் தாண்டினாள், மணியும் அடித்தது. காவலாளி ஓடிப்போய்ப் பார்த்தபோது அவள் மூக்கு படத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது, ஒரு கையில் ரப்பர் இருந்தது, படத்தில் ஆறு குருவிகள்தான் இருந்தன.

"ரப்பரால அழிச்சுட்டான்னு நிர்வாகி சொல்றாரு மேடம். நான் நம்பல. அவ அழவே இல்ல. அழிச்ச குழந்தை அழும்."

*

நிர்வாகியின் அறையில் பெரிய நாற்காலியில் கால் தரையில் எட்டாமல் உட்கார்ந்திருந்தாள் அந்தப் பெண். கேம்பில் மற்ற பிள்ளைகள் அவளுக்கு வைத்திருந்த பெயர் 'ஒத்தை'. பழுப்புத் தாள் உறை போட்ட பரீட்சை அட்டையை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். பக்கத்தில் மண்டியிட்டு, தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து நீட்டிக்கொண்டிருந்தார் கேம்ப் மாஸ்டர். நாற்பது வயதிருக்கும், பேச்சு மெத்தென்று இருந்தது.

"குடி கண்ணு. நான் இருக்கேன்ல."

மேசைக்குப் பின்னால் நிர்வாகி கடுகடுவென்று நின்றார். வந்தவர்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"துப்பறியறதுக்கு என்ன இருக்கு? மணி அடிச்சது, ரப்பர் கையில, குருவி காணோம். படம் செப்பனிடற நிபுணர் அஞ்சு மணிக்கு வராரு. இந்தப் பொண்ணோட அப்பா மூணு மணிக்கு வராரு. போலீசும் மூணு மணிக்கு. நாளையிலேர்ந்து இந்தக் கட்டடத்துல குழந்தைங்க குரூப்பே கிடையாது."

மாஸ்டர் எழுந்து கை கூப்பினார். "சார், தப்பு என்னோடது. கோட்டைத் தாண்டாமப் பாத்துக்க வேண்டியவன் நான். என்ன எழுதணுமோ என் பேர்ல எழுதிக்குங்க. குழந்தையை என்கூட அனுப்பிடுங்க. இது தாங்காது."

பைண்டர் பறக்கும்படையம்மாவின் பக்கம் சாய்ந்தார். "இப்படி ஒரு வாத்தியார் எனக்கு வாய்ச்சிருந்தா நான் புரொபசர் ஆகியிருப்பேன்," என்று பறக்கும்படையம்மாவின் காதில் சொன்னார். "எனக்கு வாய்ச்சவரு என் காதைப் பிடிச்சே பெரிசாக்கிட்டாரு."

பறக்கும்படையம்மா ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, பெண்ணின் கண்ணுக்கு நேராக உட்கார்ந்தார்.

"கோட்டைத் தாண்டினா மணி அடிக்கும்னு தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் தாண்டினே?"

அவள் மாஸ்டரைப் பார்த்தாள். பிறகு தன் அட்டையில் செருகியிருந்த தாளைப் பார்த்தாள். ஓவியக்கூடம் எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுக்கும் கேள்வித்தாள் அது. மேலே அந்த ஓவியத்தின் சின்ன அச்சுப் படம். கீழே முதல் கேள்வி: 'படத்தில் எத்தனை குருவிகள்? இந்தத் தாளைப் பார்த்து எழுதாதே. சுவரைப் பார்.'

"தாள்ல எண்ணினேன், ஆறு. சுவத்துல எண்ணினேன், அங்கயும் ஆறு. ரெண்டும் ஒண்ணுதான்னா தாளைப் பாத்து எழுதாதேன்னு ஏன் போட்டிருக்காங்க? எங்கயோ ஒண்ணு ஒளிஞ்சிருக்குன்னு நெனச்சேன். அதான் கிட்டப் போய்த் தேடினேன்."

"ரப்பர் எதுக்கு?"

"கிடைச்சா ஆறை அழிச்சுட்டு ஏழுன்னு எழுதலாம்னு."

பறக்கும்படையம்மா அசையாமல் அந்தப் பெண்ணையே பார்த்தார். முப்பது வருஷத்தில் அவர் எத்தனையோ பொய்களைக் கேட்டவர். இது பொய் இல்லை என்று பைண்டருக்கே தெரிந்தது, அவருக்குத் தெரியாதா? அவர் நிர்வாகியிடம் திரும்பினார்.

"பிள்ளைங்க எழுதின தாள் எல்லாம் எனக்கு வேணும். காலைல வந்த பள்ளிக்கூடத்தோடதும் சேத்து."

*

மூன்றாம் அறையின் நடுவில் இருந்த பெஞ்சில் தாள்களைப் பரப்பினாள் வழிகாட்டி. நிர்வாகி மணியைப் பார்த்துக்கொண்டே வந்து நின்றார். மாஸ்டர் மட்டும் பெண்ணுக்குத் துணையாக நிர்வாகியின் அறையிலேயே இருந்துவிட்டார்.

சுவரில் குருவிப் படம் கண்ணாடி இல்லாத மரச்சட்டத்துக்குள் சாதுவாகத் தொங்கியது. வலது மூலையில் வெறும் மண். பைண்டர் மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

"காலைல ஏழு இருந்துச்சா?" என்று காவலாளியைக் கேட்டார் பறக்கும்படையம்மா.

"சத்தியமா இருந்துச்சும்மா. வர பசங்க எல்லாம் 'ஏழு, ஏழு'ன்னு கத்துவாங்க. எனக்குக் கனவுலகூட ஏழுதான் வரும்."

"அந்தத் தாளை வாசிங்க சம்பந்தி."

பைண்டர் விரலை நாக்கில் தொட்டு மளமளவென்று புரட்டினார். நாற்பது வருஷப் பழக்கம், தாள் அவர் கையில் பேசும். "பள்ளிக்கூடம் நாப்பது தாள். முப்பத்தாறு பேர் ஏழு. நாலு பேர் ஆறு."

"அந்த நாலு பேர் நிமிந்தே பாக்கல," என்றாள் வழிகாட்டி. "அச்சுப் படத்துல வலது மூலைல எங்க முத்திரை விழுந்து ஏழாவது குருவியை மறைச்சிருக்கும். முதல்ல தெரியாமதான் அப்படி அச்சாச்சு. அப்புறம் நானே வேணும்னு அப்படியே விட்டுட்டேன். தாளைப் பாத்து எழுதினா ஆறு, சுவத்தைப் பாத்து எழுதினா ஏழு. யாரு நிஜமா படத்தைப் பாக்கறாங்கன்னு எனக்குத் தெரிஞ்சுடும். எப்பவும் ஒரு குரூப்புக்கு மூணு நாலு பேர் மாட்டுவாங்க."

"கேம்ப் தாள்?"

பைண்டர் புரட்டினார். ஒரு முறை புரட்டிவிட்டு, நம்பாமல் மறுபடியும் புரட்டினார். "ஆறு, ஆறு, ஆறு... முப்பது தாள் இருக்கு, முப்பதும் ஆறு. அந்தப் பொண்ணு கையில இருக்கறதையும் சேத்தா முப்பத்தொண்ணு. இது கேம்ப்பா, சோம்பேறி மடமா?"

"பாத்தீங்களா, எல்லாம் தாளைப் பாத்து எழுதினதுதான்," என்றார் நிர்வாகி. "இதுல என்ன தெரியுது?"

"முப்பத்தொரு குழந்தைல ஒண்ணுகூட நிமிந்து பாக்கலையா?" பறக்கும்படையம்மா தாள்கட்டின் அடியிலிருந்து முதல் தாளை உருவினார். "ஜோடி ஜோடியா வெளிய வரும்போது வாங்கின தாள் இது. முதல் ஜோடி தாளைக் குடுத்துட்டு வெளிய போனப்போ அந்தப் பொண்ணு வாசல்ல வரிசைல நின்னுக்கிட்டிருந்தா. அவ உள்ள வரதுக்கு முன்னாடியே இந்தச் சுவத்துல ஆறு குருவிதான் இருந்திருக்கு."

நிர்வாகி படத்தைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப யாரு அழிச்சது?"

"யாரும் அழிக்கல. சரியான விடையைக் காப்பியடிச்சவனைப் பிடிக்கறது கஷ்டம் சார். தப்பான விடையைக் காப்பியடிச்சவன் தானா வந்து மாட்டுவான், எங்கேர்ந்து அடிச்சான்னு அந்தத் தப்பே சொல்லிடும். இந்த வழிகாட்டிப் பொண்ணு குழந்தைகளுக்கு ஒரு பொறி வெச்சா. அதுல ஒரு பெரிய ஆள் விழுந்திருக்கான். இந்தத் தாளைப் பக்கத்துல வெச்சுக்கிட்டுப் படம் வரைஞ்சிருக்கான், முத்திரை மறைச்ச இடத்துல என்ன இருக்குன்னு தெரியாம மண்ணைப் பூசிட்டான். சுவத்துல தொங்கறது உங்க படமே இல்ல."

நிர்வாகி பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தார், தாள்கள் மேலேயே உட்கார்ந்தார்.

"ஓடிப் போயிடுமான்னு கேட்டேனே," என்றார் பைண்டர் மெதுவாக. "ஓடியே போயிடுச்சு."

நிர்வாகிக்கு மூச்சு திரும்பியதும் கோபமும் திரும்பியது. வழிகாட்டியை நோக்கி விரலை நீட்டினார். "இந்தத் தாள் உன்னோடது! நீதான்—"

"அவளுக்கு ஏழுன்னு தெரியும்," என்று வெட்டினார் பறக்கும்படையம்மா. "அவ வரைய வெச்சிருந்தா ஏழு வரைய வெச்சிருப்பா. காவலாளிக்கும் ஏழு தெரியும், உங்களுக்கும் தெரியும். இந்தக் கட்டடத்துல வேலை பாக்கற யாரும் இந்தத் தப்பைப் பண்ண முடியாது. இந்தத் தாள் வெளிய யாருக்குக் கிடைக்கும்?"

"வரப்போற குரூப்புக்கெல்லாம் பதினஞ்சு நாளைக்கு முன்னாடியே அனுப்பிடுவோம் மேடம்."

"காலைல ரெண்டு குரூப்புக்கும் நடுவுல அரை மணி நேரம் இந்த அறைல என்ன நடக்கும்?"

"பெருக்குவாங்க," என்றார் காவலாளி. "கோட்டுக்குள்ள பெருக்கணும்ல, அதனால மணியை அணைச்சுடுவோம். நான் அப்பத்தான் டீக்குப் போவேன்."

"வெளியேர்ந்து உள்ள வர ஆள் என்ன கொண்டு வரலாம்?"

"பை, பேனா எல்லாம் கீழ லாக்கர்ல வெச்சுடணும். பென்சிலும் பரீட்சை அட்டையும் மட்டும்தான் விடுவோம். கேம்ப்லேர்ந்து முப்பத்தொரு அட்டை கொண்டு வந்தாங்க, எண்ணி எழுதிக்கிட்டோம். வெளிய போறப்போ பெரியவங்க கையில இருக்கறதைத் திறந்து பாப்போம். குழந்தைங்களோடதை எண்றதோட சரி."

பறக்கும்படையம்மா பைண்டரை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். "சம்பந்தி, கீழ கேம்ப் பஸ்ல எத்தனை அட்டை இருக்குன்னு எண்ணிட்டு ஓடி வாங்க."

"ஓடியா? நானா? படத்தைத் தேடறீங்களா, எனக்கு நாள் பாக்கறீங்களா?"

ஆனாலும் போனார்.

*

பஸ் நிழலில் நின்றது. டிரைவர் ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பிள்ளைகள் புல்வெளியில் ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். நடைபாதையில், கொளுத்தும் வெயிலில், மூடாத அட்டைப்பெட்டி ஒன்று. அதற்குள் பரீட்சை அட்டைகள் தாறுமாறாகக் கிடந்தன. மூலை மடங்கியது, கிளிப் துருப்பிடித்தது, எவனோ பல்லால் கடித்தது. எல்லாமே பழசு, ஒன்றுக்கும் உறை இல்லை. பைண்டர் எண்ணினார். முப்பது.

வாசலில் காத்திருக்கும் அப்பா யாராவது தென்படுகிறாரா என்றும் பார்த்துக்கொண்டார். ஒருவரும் இல்லை. மணி இரண்டு நாற்பத்தொன்று.

மறுபடியும் படி ஏற ஆரம்பித்தவர் பாதியில் நின்றார். மேலேயிருந்து மாஸ்டர் இறங்கி வந்துகொண்டிருந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஒத்தை, இன்னொரு கையில் அட்டை.

"விட்டுட்டாங்களா சார்?" என்றார் பைண்டர் சந்தோஷமாக.

"விட்டுட்டாங்க. கீழ இவ அப்பா வந்து காத்துக்கிட்டிருக்காரு. சீக்கிரம் போகணும்."

"அப்பா வந்துட்டாரா?" என்றாள் பெண். முதல் முறையாக அவள் முகத்தில் வெளிச்சம் வந்தது.

பைண்டரின் சந்தோஷம் அங்கேயே அறுந்தது. அவர் இப்போதுதான் கீழேயிருந்து வருகிறார், அங்கே அப்பா இல்லை. இந்த மனுஷன் எதற்கு ஒரு குழந்தையிடம் பொய் சொல்கிறான்?

அவர் கண் தானாக அந்த அட்டைக்குப் போனது. பழுப்புத் தாள் உறை, ஓரம் கச்சிதமாக மடித்திருந்தது. நல்ல வேலைதான். ஆனால் மடிப்புக் கோட்டுக்கு ஒரு நூல் தள்ளி இன்னொரு கோடு ஓடியது. ஒரு தரம் மடித்த தாளுக்கு ஒரே ஒரு கோடுதான் இருக்கும். இந்த உறையைப் பிரித்து, உள்ளே இருந்ததை எடுத்துவிட்டு, கொஞ்சம் தடிமனான வேறு எதையோ வைத்து மறுபடி மடித்திருக்கிறார்கள். சோறு போட்ட தொழிலில் அவருக்குத் தப்பு வராது.

அவர் படியின் நடுவில் நன்றாகக் காலை அகட்டி உட்கார்ந்துவிட்டார்.

"கால் மரத்துப் போச்சு சார். வயசாச்சில்ல. ரெண்டு நிமிஷம்."

"கொஞ்சம் நகருங்க பெரியவரே."

"நகர்ந்தா உருண்டுடுவேன். நான் உருண்டா உங்களையும் கூட்டிக்கிட்டுத்தான் உருளுவேன்." அவர் பெண்ணின் பக்கம் திரும்பினார். "பாப்பா, உன் அட்டை மட்டும் புதுசா இருக்கே?"

"மாஸ்டர் குடுத்தாரு. எல்லாருக்கும் பழசு, எனக்கு மட்டும் உறை போட்டது." அவள் சொன்ன விதத்தில் பெருமை இருந்தது.

"கனமா இருக்கா?"

"கொஞ்சம் கனம்."

மாஸ்டரின் பேச்சில் இருந்த மெத்தென்ற தன்மை போய்விட்டது. "வழியை விடுய்யா."

"சார்!" மேலேயிருந்து பறக்கும்படையம்மாவின் குரல் படிக்கட்டு முழுக்க எதிரொலித்தது. பரீட்சை ஹாலில் நூறு பேரையும் ஒரே நேரத்தில் பேனாவைக் கீழே வைக்கச் செய்த அதே குரல். அவருக்குப் பின்னால் காவலாளி, நிர்வாகி, வழிகாட்டி. "நீங்க கிளம்பலாம். குழந்தை மட்டும் அவங்கப்பா வர வரைக்கும் எங்ககூட இருக்கட்டும்."

மாஸ்டர் ஒரு கணம் யோசித்தார். பிறகு சிரித்தார். "சரிம்மா. உங்க இஷ்டம்." பெண்ணின் கையை விட்டார். "அட்டையைக் குடு கண்ணு. கேம்ப் சாமான்."

"எத்தனை சம்பந்தி?" என்று மேலேயிருந்து கேட்டார் பறக்கும்படையம்மா.

"முப்பது. நடைபாதைல வெயில்ல காயுது, நாய் தூக்கிட்டுப் போனாக்கூடக் கேக்க ஆள் இல்ல."

"முப்பதைத் தெருவுல போட்டுட்டு ஒண்ணுக்காக இவ்வளவு அக்கறையா மாஸ்டர்? குழந்தையை விட்டுட்டுப் போகச் சம்மதிச்சீங்க, அட்டையை விட மனசு வரலையே."

மாஸ்டர் பாய்ந்து அட்டையைப் பற்றி இழுத்தார். ஒத்தை விடவில்லை. அவர் மறுபடி இழுத்ததில் அவள் ஒரு படி சறுக்கினாள், முழங்கால் கல்லில் மோதியது, அப்போதும் விரல்கள் பிரியவில்லை. பைண்டர் யோசிக்காமல் மாஸ்டரின் இரண்டு காலையும் கட்டிப் பிடித்துக்கொண்டார். காவலாளி நாலு எட்டில் இறங்கி வந்து மாஸ்டரின் தோளில் கை போட்டதும் இழுபறி நின்றது.

பறக்கும்படையம்மா பெண்ணுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இவ்வளவு இழுத்தாரு. ஏம்மா விடல?"

"காலைல மாஸ்டர்தான் சொன்னாரு. யாரு கேட்டாலும் கையை விட்டுடாதே, கீழ போட்டுடாதேன்னு. யாரு கேட்டாலும்னா அவரும்தானே?"

மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். வரும்போது கள்ளப் படத்தை அந்த உறைக்குள் வைத்து முப்பத்தொன்றாவது அட்டையாகக் கொண்டுவந்து, பிள்ளைகளைக் கீழே நிறுத்திவிட்டு மேலே ஏறி, காவலாளி டீக்குப் போன நேரத்தில், பெருக்குகிறவள் அடுத்த அறைக்கு நகர்ந்ததும், சட்டத்துக்குள் மாற்றி வைத்துவிட்டு, அசலை அதே உறைக்குள் மடித்து ஒத்தையிடம் கொடுத்திருக்கிறார். எண்ணிக்கை உள்ளே வரும்போதும் முப்பத்தொன்று, வெளியே போகும்போதும் முப்பத்தொன்று. முன்கூட்டியே இரண்டு முறை வந்து அறையைப் பார்த்தவர் கதவைப் பார்த்தார், மணியைப் பார்த்தார், சட்டத்தின் கொக்கியைப் பார்த்தார். படத்தை மட்டும் பார்க்கவில்லை.

"எனக்குத்தான் முதல்ல தோணியிருக்கணும்," என்றார் பறக்கும்படையம்மா கசப்பாக. "முப்பது வருஷம் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பாத்தவ நான். குழந்தை கையில இருந்ததால திருப்பல. அதைத்தான் அவனும் நம்பியிருக்கான்."

"இப்பத் தரியா பாப்பா?" என்று பைண்டர் கேட்டார். அவள் கொஞ்சம் யோசித்து, அவரிடம் நீட்டினாள். அவர் நகத்தால் உறையை ஓரம் ஓரமாகப் பிரித்தார், தாள் கிழியவில்லை. உள்ளே பழைய மரப்பலகை. மரம், கிளைகளில் ஆறு குருவிகள். வலது மூலையில், மண்ணைக் கொத்தியபடி, இத்தனை கலாட்டாவையும் சட்டை பண்ணாத ஏழாவது குருவி.

நிர்வாகி அதைப் பார்த்தார். பிறகு, யாரும் சொல்லாமலே, பெண்ணிடம் குனிந்து, "என்னை மன்னிச்சுடும்மா," என்றார். நிஜமாகவே வருத்தப்பட்டுத்தான் சொன்னார்.

காவலாளி மாஸ்டரை மேலே கூட்டிக்கொண்டு போனார். ஒத்தை அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஜோடி கிடையாது. அவர்தான் என் ஜோடி," என்றாள். "என்னைப் பிடிக்கும்னுதான் புது அட்டை குடுத்தாருன்னு நெனச்சேன்."

பைண்டர் சட்டென்று திரும்பிக்கொண்டார். கண் கலங்கி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு கைப்பிடிச் சுவரைப் பார்த்தார். பறக்கும்படையம்மாதான் சொன்னார்.

"அவருக்கு உன்னைப் பத்தி ஒண்ணு தெரிஞ்சிருந்துச்சு. நீ சொன்ன பேச்சைக் காப்பாத்துவேன்னு. நீ கேள்வி கேப்பேன்னு அவருக்குத் தெரியல. அது எங்களுக்குத் தெரிஞ்சுடுச்சு."

இழுபறியில் படியில் விழுந்திருந்த அவளுடைய கேள்வித்தாளை வழிகாட்டி பொறுக்கி எடுத்து, நீவி, நீட்டினாள். "இதை மட்டும்தான் இன்னும் நீ குடுக்கல. விடையை மாத்தணும்னா மாத்திக்க."

ஒத்தை படியில் உட்கார்ந்தாள். தொடையில் வைத்து எழுத வரவில்லை. பைண்டர் தன் சட்டைப்பையிலிருந்த சின்ன நோட்டை எடுத்து அடியில் வைத்துப் பிடித்துக்கொண்டார். அவள் ரப்பரை எடுத்தாள், ஆறின் மேல் கொண்டுபோனாள், அழிக்காமல் நிறுத்தினாள். கொஞ்ச நேரம் பலகையில் இருந்த குருவியைப் பார்த்தாள். பிறகு பென்சிலை எடுத்து, பழைய விடையை அப்படியே விட்டுவிட்டு, அதற்குப் பக்கத்தில் குண்டு குண்டாக எழுதினாள்:

'சுவரில் ஆறு. என் கையில் ஏழு.'